நிழல் தெற்கே விழுமா, விழாதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
"பிள்ளைகளுக்கு அறிவியல், சமூக அறிவியல் படிக்க நல்ல இணையதளம் எது"ங்கற நம்ம குழுத் தலைப்புல மூணாறு மாஷ் நேத்து எழுதினதைப் படிச்சீங்களா? "அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் நான் சொன்ன அமெரிக்கத் தளம் ஒண்ணே போதும், மத்ததெல்லாம் குப்பை"ங்கறாரு. அதுல நிழல் பாடத்துப் பயிற்சித்தாளை எடுத்துப் பாருங்க. "நண்பகலில் நிழல் எப்போதும் வடக்கே விழும்." எப்போதுமாம்! நம்ம கொழிஞ்சாம்பாறை பூமத்தியரேகைக்கு 10.7 பாகை வடக்குல இருக்குது. ஏப்ரல் நடுவுக்கு மேல ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிப்பொழுதுல சூரியன் நமக்கு வடக்க நிக்கும், நிழல் தெற்கதான் விழும். ஜூன் 21ல ஒரு மீட்டர் குச்சிக்கு 23 சென்டிமீட்டர், தெற்க. டிசம்பர் 21ல 68 சென்டிமீட்டர், வடக்க. எந்த மூஞ்சியோட இதைப் பரிந்துரைக்கறது?

மூணாறு மாஷ்:
அது 40 பாகையில வாழுற குழந்தைக்கு எழுதினது சாரே. அங்க வருஷம் பூரா வடக்கேதான் விழும். ஒரு வரிக்காகக் காந்தம், மின்சுற்று, உணவுச்சங்கிலி எல்லாத்தையும் தூக்கி எறியணுமா? ஜூன்ல மூணாறுல வெயிலே கிடையாது. உங்க 23 சென்டிமீட்டரை டார்ச் அடிச்சா அளக்கறது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
"எப்போதும்"னு போட்டிருக்கு மாஷே. "எங்க ஊர்ல"ன்னு போடலை.

புளியரை அண்ணாச்சி:
ரெண்டு பேரும் தப்புவே. சித்திரை விசு அன்னைக்கு இங்க 12 மணிக்குக் குச்சி நட்டா நிழல் வடக்கும் போகாது, தெற்கும் போகாது. மேற்கே 9 சென்டிமீட்டர் கிடக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணாச்சி, கடிகாரத்து 12 நண்பகல் இல்லீங்க. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வெச்சது. உங்க ஊர் 77.2. பாகைக்கு 4 நிமிஷம், ஆக உங்களுக்கு உச்சி 12:21 வாக்குல. அந்த நேரத்துல பார்த்தா சித்திரை ஒண்ணுல உங்க குச்சிக்கு நிழலே இருக்காது. எங்களுக்கு அந்த நாள் ஏப்ரல் 18 வாக்குல வரும், உச்சி 12:22. இதை எந்தத் தளமாச்சும் சொல்லுதா?

செய்யறதுன்னா இப்படிச் செய்யணும். 12:10ல இருந்து 12:40 வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நிழல் நுனியில சாக்பீஸ் புள்ளி. குறைஞ்ச நீளம் எதுவோ அதான் நண்பகல். குச்சியைக் கண்ணளவுல நடாதீங்க, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிங்க. ஒரு பாகை சாஞ்சாலே ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர் போயிரும், ஏப்ரல்ல அது மொத்தக் கணக்கையும் கெடுத்துரும். போன்ல திசைகாட்டி வெச்சு மொட்டைமாடியில நிக்காதீங்க, கான்கிரீட் கம்பி முள்ளை இழுக்கும். வானத்தைக் காட்டற ஸ்டெல்லேரியம் செயலியில சரிபார்க்கறவங்க ஊரை அதுவா எடுக்க விடாதீங்க, அட்சரேகை தீர்க்கரேகையைக் கையால அடிங்க. இல்லாட்டி வேற ஊர் சூரியனைக் காட்டிட்டு நிக்கும்.

வாளையார் வாசகி:
தலைப்புல சமூக அறிவியலும் இருக்கு, ஞாபகம் இருக்கா? கேரளத்துத் தமிழ் மீடியம் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுத் தளத்தைக் கொடுத்தா "கிராம நிர்வாக அலுவலர்"னு எழுதி வைக்குது. இங்க அவர் வில்லேஜ் ஆபீசர். அங்க அறிவியலும் சமூக அறிவியலும் 3ஆம் வகுப்புலயே தனித்தனி, இங்க 4 வரைக்கும் ஒரே சுற்றுப்புறப் பாடம். அந்த வித்தியாசம் தெரியாம அரசு பாடத்தளம் திக்ஷாவுல தேடினா வகுப்பே பொருந்தாது. புத்தகத்துல கியூஆர் கட்டம் கிழிஞ்சிருந்தா கீழே இருக்கற ஆறு எழுத்தை அடிச்சாலே பாடம் திறக்கும், அதைக்கூட இங்க யாரும் சொல்லலை. வெளிநாட்டுத் தளத்து இந்திய வரைபடத்தைத் தொடவே கூடாது, காஷ்மீர் எல்லை புள்ளிக்கோடா இருக்கும். சர்வே ஆஃப் இந்தியா படத்தை இறக்கிக்கோங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வரைபடமெல்லாம் சரிதானுங்க டீச்சர். நிழல்?

களியக்காவிளை:
வரைபடம்னு சொன்னதும் ஞாபகம் வருது. குமரி மாவட்டம் பண்டே சென்னை மாகாணத்துல இருந்ததுன்னு ஒரு தளம் போட்டிருக்கு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மக்கா. செங்கோட்டையும் அன்னைக்குத்தான் வந்தது. அண்ணாச்சியாவது இதைச் சொல்லணும், 9 சென்டிமீட்டரைப் பிடிச்சுட்டு நிக்காரு.

புளியரை அண்ணாச்சி:
நான் அளவு சொன்னேன். நீரு வரலாறு சொல்லும்.

மூணாறு மாஷ்:
கொழிஞ்சாம்பாறைக்காரர் பெரிய நக்கீரர்! போன மாசம் இவரே "தொட்டபெட்டாதான் உயரமான சிகரம்"னு ஒரு தளத்து வரியை இங்க ஒட்டினாரு. தொட்டபெட்டா 2637 மீட்டர். எங்க ஆனைமுடி 2695.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தமிழ்நாட்டுலன்னுதான் அர்த்தம். யாருக்கும் தெரியும்.

மூணாறு மாஷ்:
"தமிழ்நாட்டுல"ன்னு நீங்க போடலை. "எங்க ஊர்ல"ன்னு அவன் போடலை. உங்களுக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நான் தளம் நடத்தலை மாஷே. பிள்ளைக அதைப் பார்த்துப் பரீட்சை எழுதுது.

வாளையார் வாசகி:
ஃபெட் (PhET) பத்தி யாராவது பேசுங்களேன், சோதனைகளைத் திரையிலேயே செஞ்சு பார்க்கற பாவனைத் தளம். மின்சுற்றை இணையம் இல்லாம ஓட்டலாம், ஒரு பாவனை ஒரே கோப்பா இறங்கும், பென்டிரைவ்ல பத்து கணினிக்கு ஏத்திடலாம். ஜாவாவுல இருக்கற பழசு மட்டும் போன்ல திறக்காது. மாஷ் சொன்ன தளத்துல பாதி விளையாட்டு ஃபிளாஷ்ங்கற பழைய மென்பொருள்ல ஓடறது. அது 2020 டிசம்பர் 31ஓட நின்னு போச்சு, இப்போ வெறும் சாம்பல் கட்டம்தான்.

மூணாறு மாஷ்:
பாதி இல்லை டீச்சர். கால்வாசி.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கால்வாசி சாம்பல், முக்கால்வாசி வடக்கு நிழல். ஆகஸ்ட் 1 வரட்டும் மாஷே. மூணாறுல உச்சி 12:28, ஒரு மீட்டர் குச்சிக்கு 14 சென்டிமீட்டர், தெற்க. படம் எடுத்துப் போடுங்க.

மூணாறு மாஷ்:
ஆகஸ்ட்ல இங்க மழை. அதை அந்தத் தளமும் தப்பாச் சொல்லலை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
"எப்போதும்"னு போட்டிருக்கு.