சைக்கிள் கியர் லிவரில் கிளிக் கேட்கிறது, பின்னால் கியர் விழவில்லை: உங்களுக்கு என்ன ஆச்சு?

உப்புக்காற்று
போன ஞாயிறு வரைக்கும் தீராத எரிச்சல், இறக்கி வைத்தால்தான் தூக்கம் வரும். பத்து ஸ்பீடு, நாலு வருட வண்டி. பின்சக்கரப் பல்சக்கரங்களில் பெரிய பல்லுக்கு ஒழுங்காக ஏறும். சின்னப் பல்லுக்கு இறங்கத்தான் யோசிக்கும். முட்டுக்காடு பாலம் இறக்கத்தில் எல்லாரும் கியரைத் தட்டிவிட்டுப் பறக்கிறார்கள், எனக்குக் கால் மட்டும் காற்றில் சுற்றுகிறது. கிளிக். ஒன்றுமில்லை. ஐந்து மிதி மிதித்த பிறகு, நான் மறந்தே போன நேரத்தில், 'டக்'கென்று தானாக விழுகிறது.

இரண்டு கடையில் காட்டினேன். ஒருவர் லிமிட் ஸ்க்ரூவைத் திருகினார், இன்னொருவர் ஆர்டி (ரியர் டீரெய்லர், செயினைப் பல் மாற்றித் தள்ளுவது) ஸ்ப்ரிங் போய்விட்டது என்றார். சரி என்று புது ஆர்டி போட்டேன். கேபிள், அதைச் சுற்றியிருக்கும் அவுட்டர் குழாய் எல்லாம் பழசே. பழைய ஆர்டியை எதிர்வீட்டுப் பையனுக்குச் சும்மா கொடுத்துவிட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே கதை.

ஞாயிறு மதியம் கடுப்பில் நானே கேபிளைக் கழற்றினேன். ஆர்டிக்குள் நுழைவதற்கு முன்னால் வளைந்து போகுமே, அந்தக் கடைசித் துண்டு அவுட்டர், அதைத் தரையில் தட்டினேன். டீத்தூள் மாதிரி கொட்டியது. துரு. உள்ளே இருந்த கேபிள் அந்த ஒரு ஜாண் நீளத்துக்கு மட்டும் செம்மண் நிறம், மற்ற இடமெல்லாம் பளபளப்பு. புது கேபிளும் அவுட்டரும் சேர்த்து ஒரு ஆர்டியின் விலையில் கால்வாசிகூட இல்லை.

அரைச்சுற்று
இதற்கு இவ்வளவு பெரிய கதையா? எனக்கும் நடந்தது, மகாபலிபுரம் டீக்கடையில் நின்று, கேபிளை இறுக்கித் தளர்த்தும் பாரல் அட்ஜஸ்டரை அரைச்சுற்று திருப்பினேன், முடிந்தது.

எல்லாருக்கும் சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருந்து பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பினால் கேபிள் இறுகும், பெரிய பல்லுக்கு ஏறுவது சுலபமாகும். வலஞ்சுழியாகத் திருப்பினால் தளரும், சின்னதுக்கு இறங்குவது சுலபமாகும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், அதற்கு மேல் கை வைக்காதீர்கள். புது கேபிள் போட்ட முதல் சில வாரம் அவுட்டர் நுனிகள் அவற்றின் மூடிக்குள் அமர்ந்து கேபிள் கொஞ்சம் தளரும், பயப்பட வேண்டாம். லிமிட் ஸ்க்ரூவை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது செயின் ஸ்போக்குக்குள்ளோ ஃப்ரேம் பக்கமோ விழாமல் காக்கும் வேலி, நடுவில் கியர் மாறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செயினைக் கழுவுங்கள், எண்ணெய் போடுங்கள், மிச்ச எண்ணெயைத் துடையுங்கள்.

ஒன்பதாவது வளைவு
அரைச்சுற்று அண்ணே, நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் ஏலகிரியில் நடந்தேன். நீங்களே சொல்லவில்லை, உங்கள் மாதிரி ஒருவர்.

இரண்டு வாரம் ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் அட்ஜஸ்டரை இறுக்கினேன். மறுநாள் மறுபடி தளர்ந்திருக்கும். புது கேபிள் தளரும் என்றால் நம்பலாம், என்னுடையது மூன்று வருடக் கேபிள்! லிவர் இருக்கும் ஷிஃப்டருக்குள், கேபிளின் தலைப்பக்கம் இழை இழையாக அறுந்துகொண்டிருந்திருக்கிறது, நான் வெளியே நின்று திருகிக்கொண்டிருந்தேன். பதினான்கு கொண்டை ஊசியில் ஒன்பதாவதில் லிவர் சட்டென்று செத்துப்போனது. எதிர்ப்பே இல்லை, உடைந்த கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஆடுகிறது. செயின் பதினொரு பல் உள்ள ஆகச் சின்னச் சக்கரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அதில் ஏலகிரி ஏற எனக்குத் தொடை இல்லை.

வீட்டில் ஊக்கு ஒன்றை வைத்து ஷிஃப்டருக்குள் இருந்து இழைகளை எடுத்தேன். ஒன்று நகக்கண்ணில் ஏறியது. இதை எழுதும்போதும் அந்த விரல் வலிக்கிறது.

ஒன்று மட்டும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. சின்னப் பல் பக்கத்து லிமிட் ஸ்க்ரூவை, அந்த ஹெச் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது என்கிறீர்கள். அன்றைக்கு அதை உள்ளே முறுக்கித்தான் செயினை இரண்டு பல் மேலே தள்ளினேன், அதனால்தான் கீழே இறங்கிய பிறகு ஜோலார்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் மிதிக்கவாவது முடிந்தது.

அரைச்சுற்று
அது அவசரத்துக்கு. நான் சொன்னது டியூனிங்குக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

சர்க்கரைத் தண்ணி
என்னுடையதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன், காலையில் பார்த்தால் தரையிலிருந்து பின்சக்கரம் வழியாக ஒரே எறும்பு வரிசை. எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தால் மிதி அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில். கேபிள் போகும் பிளாஸ்டிக் வழிகாட்டி இருக்குமே, அங்கே. பாட்டிலில் குளுக்கோஸ் கலந்து குடிக்கிற பழக்கம், அது வழிந்து வழிந்து டௌன் ட்யூப் வழியாக இறங்கி அங்கே பாகு காய்ச்சி வைத்திருக்கிறது. கேபிள் அதில் ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. வெந்நீர், பழைய டூத் பிரஷ், பத்து நிமிடம். அந்த எறும்புகளுக்கு இருந்த அறிவு எனக்கு மூன்று மாதமாக இல்லை.

மாம்பலம் மிதி
எல்லாரும் கேபிள் கேபிள் என்கிறீர்கள். என் வண்டி பார்க்கிங்கில் வலப்பக்கமாக விழுந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் நடுவில் சரி செய்தால் ஓரத்தில் உரசும், ஓரத்தில் சரி செய்தால் நடுவில் தாவும். பின்னால் உட்கார்ந்து பார்த்தேன், ஆர்டி கோழி தலையைச் சாய்த்துப் பார்ப்பது மாதிரி சக்கரத்தைப் பார்க்கிறது. ஆர்டியை ஃப்ரேமில் மாட்டும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. ஃப்ரேம் தப்பிக்கட்டும் என்றுதான் அலுமினியத்தில் மெலிசாகச் செய்திருக்கிறார்கள். கேஜ் வைத்து நிமிர்த்தினார்கள், அன்றோடு சரி.

பேட்டரி வாழ்க
2009இலேயே பேட்டரியில் கியர் மாற்றும் டி2 வந்துவிட்டது. இன்னும் துருவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்களே.

ஒன்பதாவது வளைவு
சார்ஜ் போட மறந்து பாண்டியில் ஒரே கியரில் நின்றவர் நீங்கள்தானே?

உப்புக்காற்று
மாம்பலம், உங்கள் கதை நியாயம். நான் வண்டியைப் பின்னால் இருந்து பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அரைச்சுற்று அண்ணே, என்னுடையதில் அட்ஜஸ்டருக்கு வேலையே இல்லை. ஏறும்போது கேபிளை இழுப்பது நம் கை, எவ்வளவு உராய்வு இருந்தாலும் கை இழுத்துவிடும். இறங்கும்போது நாம் விடத்தான் முடியும், இழுப்பது ஆர்டியின் ஸ்ப்ரிங். துருப்பிடித்த அவுட்டருக்குள் அந்தச் சின்ன ஸ்ப்ரிங் என்ன செய்யும்? இறங்க மட்டும் தயங்கினால் முதலில் கேபிளைக் கழற்றிக் கையால் உருவிப் பாருங்கள் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் தெருவில் நாலு ரவுண்டு போனான். என் பழைய ஆர்டி, அவன் புது கேபிள். டக், டக், டக். கிளிக் கேட்ட கணத்திலேயே விழுகிறது. "அங்கிள், சூப்பரா இருக்கு" என்று கை காட்டிவிட்டுப் போனான்.