வணரிக்கூட்டுக்கு மூச்சா, காலதரா?

கோத்தகிரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வியாழக்கிழமை ஒரு பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும். இன்ஜினின் கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் சுழலும் அடிக்கூட்டுக்குள், காற்று வந்துபோகும் ஏற்பாட்டுக்குத் தமிழ்ச்சொல் முடிவாகாமல் நின்றுபோய் இருக்கிறது.

எங்கள் தொழிற்பயிற்சி மாணவர்கள் பழைய எஸ்டேட் ஜீப் ஒன்றைச் சரிசெய்கிறார்கள். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். பங்களாவிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்த் திரும்பியதைத் தவிர வேறு ஓட்டம் பார்க்காத வண்டி. நம் குளிரில் இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்திவிடுவார்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் அப்பினாற்போல வெளிர்மஞ்சள் நுரை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவில் நீராவி இருக்கிறது. அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கடைபட்டால் இப்படித்தான் ஆகும்.

போன வருடக் குறிப்பில் இந்த அமைப்புக்கு நான் ‘புகைபோக்கி’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு மாணவன், புகை ஒரு பக்கம் போனால் போதுமே, ஏர்கிளீனரிலிருந்து இன்னொரு குழாய் எதற்கு என்று துணியை உருட்டி அதை அடைத்துவிட்டான். இன்ஜினை ஐடிலில் விட்டோம். எங்கிருந்தோ மெல்லிய விசில். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவியதும் சத்தம் நின்றது. உள்ளே காற்று வர வழியில்லாமல், உள்வாயுவை இழுக்கும் பிசிவி வால்வு உறிஞ்சிக்கொண்டே இருந்ததால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீலின் உதட்டு வழியாக வெளிக்காற்று நுழைந்திருக்கிறது. பையன் மேல் தப்பு இல்லை. ‘போக்கி’ என்ற சொல் போவதை மட்டும்தான் அவனுக்குச் சொன்னது.

கிராங்குக்கு ‘வணரி’ ஏற்கெனவே இருக்கிறது. கிராங்க்கேஸுக்கு ‘வணரிக்கூடு’ என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குள் நல்ல காற்று வந்து கெட்ட காற்று போகும் இந்த ஏற்பாட்டுக்கும், ஏர்கிளீனரிலிருந்து வரும் குழாயான பிரீதருக்கும், பிசிவி (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) வால்வுக்கும் சொல் வேண்டும்.

குன்னூரிலிருந்து:

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்து மாளிகைகளில் மான்கண் போன்ற காலதர்கள் இருந்தன. பிறகு போர்த்துகீசியரிடமிருந்து சன்னல் வந்தது, காலதர் பரணுக்குப் போனது. ‘காற்று’ என்ற சொல்லே ‘கால்’ என்பதிலிருந்து கிளைத்ததுதான். அதர் இருவழிக்கும் பொது, வரவும் போகவும் இடம் தரும். உங்கள் மாணவன் செய்த பிழையை இந்தச் சொல் செய்யவிடாது. முப்பது வருடம் தமிழ் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இதை விட்டுவிடாதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

அம்மா சொல்வது அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பட்டறையில் ‘காலதரைக் கழற்று’ என்றால் பையன் பெடலுக்குக் கீழே குனிவான். அவனுக்குக் கால் என்றால் கால்தான். நாங்கள் பிரீதர் என்கிறோம். ரிங் தேய்ந்து ஆயில் மூடி வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். மலையேறி இறங்கும் வண்டிகள் வாரம் இரண்டாவது இந்தக் கோளாறோடு வருகின்றன. ஒரு டிரைவருக்கும் அகராதி தேவைப்பட்டதில்லை. பிரீதர் என்றே போடுங்கள், வேலை நடக்கும்.

உதகையிலிருந்து:

பிரீதர் என்று எழுதினால் பையன் மனப்பாடம் செய்வான், காரணம் தெரியாது. ‘மூச்சு’ என்றால் பெயரும் காரணமும் தெரியும். தமிழில் எழுதுவதே அதற்குத்தானே?

பிசிவியில் உள்ள ‘பாசிட்டிவ்’ பற்றி ஓர் எச்சரிக்கை. ‘நேர்மறைக் காற்றோட்டம்’ என்ற மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கிறேன், அது பிழை. எதிர்மறைக்கு எதிரான நேர்மறை இல்லை இது. பழைய வண்டிகளில் கீழ்நோக்கி ஒரு திறந்த குழாய் மட்டும் தொங்கும். வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று உள்ளிருக்கும் வாயுவை இழுக்கும். வண்டி நின்றால் இழுப்பும் நின்றது. மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி முதல் கியரில் ஊர்ந்தாலும் அதே கதைதான். இந்தத் தற்செயலை நம்பாமல், சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் மேனிஃபோல்டின் உறிஞ்சலைக் கொண்டு இழுத்தார்கள். அந்த உறுதியைத்தான் ‘பாசிட்டிவ்’ குறிக்கிறது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலேயே இந்த வால்வு உண்டு. கலிபோர்னியாவில் விற்ற அமெரிக்கக் கார்களுக்கு இது 1961 மாடலில்தான் வந்தது. உறிஞ்சலால் இழுப்பதால் இதை ‘உறிவால்வு’ என்கிறேன்.

பேக் கம்ப்ரஷனுக்கு, அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவுக்கு, ‘கசிவளி’. வினைத்தொகை. கசிந்த வளி, கசிகின்ற வளி, கசியும் வளி. புது ரிங் போட்டாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும், முக்காலத்திலும் நிற்காது. வினைத்தொகைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

வணரியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். யாழின் வளைந்த தண்டைச் சங்கப்பாட்டு ‘வணர்கோடு’ என்கிறது. சுருண்ட கூந்தலும் வணர்தான். பாணன் தோளில் சாய்ந்து கிடந்த வளைவு ஜீப்பின் அடிவயிற்றில் சுழல்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து:

கசிவளி, உறிவால்வு இரண்டையும் எடுத்துக்கொண்டேன், நன்றி.

இன்று மாணவர்களோடு வால்வைக் கழற்றினோம். தாரைக் காய்ச்சி ஊற்றினாற்போல உள்ளே இறுகிக் கிடந்தது. பிரித்து இரவு முழுக்க மண்ணெண்ணெயில் போட்டு, காலையில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் திரும்பப் பூட்டினோம். காதருகே ஆட்டினால் இப்போது ‘கடக் கடக்’ என்கிறது. பழைய குழாய்க்குப் பதில் யாரோ தண்ணீர்க் குழாய் மாட்டியிருந்தார்கள். ஆயில் பட்டு ஊறி, உறிஞ்சலில் உள்வாங்கி ஒட்டிப்போயிருந்தது. ஆயில் தாங்கும் ரப்பர்தான் போட வேண்டும். மாட்டி முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து வாயின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தேன். மெதுவாக இழுத்து ஒட்டிக்கொண்டது. பின்பெஞ்சில் இருந்த ஒரு பெண், “சார், மூச்சு விடுது” என்றாள்.

அதனால் ‘வணரிக்கூட்டு மூச்சோட்டம்’ என்கிறேன். பிரீதர் ‘மூச்சுக்குழல்’.

குன்னூரிலிருந்து:

அந்தப் பெண்ணின் வாய்க்குச் சர்க்கரை. ஆனாலும் மூச்சு பொருந்தவில்லை. மூச்சு போன வழியிலேயே திரும்பும், ஒரே மூக்கு. நீங்கள் விளக்கிய ஏற்பாட்டில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. மேற்குச் சன்னலில் வந்து கிழக்குச் சன்னலில் போகும் காற்று அது. வீட்டுக்குச் சொல்லும் சொல்தான் இதற்கும் சரி: காலதர். அச்சு அவசரத்துக்காகத் தவறான உவமையை மாணவர் தலையில் ஏற்றாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து:

அம்மா, சமவெளியில் சீராக ஓடும்போது நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கல்லாறிலிருந்து மேலே ஏறும்போது பாருங்கள். ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியிருக்கும், மேனிஃபோல்டில் உறிஞ்சல் குறைந்திருக்கும், கசிவளியோ அப்போதுதான் அதிகம். உறிவால்வால் அத்தனையையும் வாங்க முடியாது. மிச்சம், நல்ல காற்று வந்த குழாய் வழியாகவே ஏர்கிளீனருக்குத் திரும்பும். இறக்கத்தில் காலை எடுத்து கியரில் விட்டால் உறிஞ்சல் ஏறி, திரும்பவும் உள்ளே இழுக்கும். ஏற்றத்தில் விடுகிறது, இறக்கத்தில் இழுக்கிறது. மலையில் இதை மூச்சு என்றுதான் சொல்ல வருகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

அப்படியென்றால் மூச்சுக்குழலுக்கு என் ஆதரவு. பக்கத்தில் ‘பிரீதர்’ என்றும் ஒரு தடவை போட்டுவிடுங்கள். உதிரிபாகக் கடையில் மூச்சுக்குழல் கேட்டால் மருந்துக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

உதகையிலிருந்து:

எனக்கும் சம்மதம். ‘மூச்சோட்டம்’ கொஞ்சம் உறுத்துகிறது, ‘காற்றோட்டம்’ போதாதா என்று தோன்றுகிறது. ஆனால் வியாழன் நெருங்கிவிட்டது.

குன்னூரிலிருந்து:

ஏற்றத்து விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். அது மூச்சுக்குழல் என்ற சொல்லுக்குச் சான்று, அமைப்பு முழுவதற்கும் இல்லை. மூச்சுக்குழல் வந்து சேரும் ஆயில் மூடியின் வலைத்துளை எப்போதும் ஒரு சிறு சன்னல்தான். அதற்காவது காலதர் என்று போடலாமே? அடுத்த பதிப்பில் திரும்பவும் கேட்பேன்.

கோத்தகிரியிலிருந்து:

குறிப்பு அச்சுக்குப் போய்விட்டது. வணரிக்கூட்டு மூச்சோட்டம், மூச்சுக்குழல், உறிவால்வு, கசிவளி. பிரீதர் ஒரு தடவை. அம்மா, மூடியின் வலைப் படத்துக்குக் கீழே ‘காலதர்’ என்று எழுதியிருக்கிறேன். மண்ணெண்ணெயில் கழுவி, ஆயிலில் நனைத்து, வடியவிட்டு மாட்டவும் என்ற வரி அதற்கு அடுத்தாற்போல வருகிறது.