வரையறை மாறினால் சுகாதார நிதி ஒதுக்கீடும் மாறுமா?

கேள்வி: உலகளாவிய சுகாதாரம் என்பதை எல்லை தாண்டிப் பரவும் தொற்றுகளைத் தடுப்பது என்று ஒரு நாடு கொள்வதற்கும், அனைவருக்கும் சமமான நலவாழ்வு என்று கொள்வதற்கும் இடையே, அந்நாட்டின் கொள்கை முன்னுரிமைகளில் உண்மையிலேயே வேறுபாடு தெரியுமா?

மறுமொழி 1: நன்றாகவே தெரியும். பன்னாட்டுச் சுகாதார மாநாடு ஒன்றில் வெளியான 1978ஆம் ஆண்டின் அல்மா-அட்டா பிரகடனம் சுகாதாரத்தை அடிப்படை உரிமையாக அறிவித்து, குடிநீர், ஊட்டச்சத்து, தாய்சேய் நலம் ஆகியவற்றையும் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புக்குள் சேர்த்தது. ஆனால் 1980களில், குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணித்தல், உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்ற குறுகிய தொகுப்பை யுனிசெஃப் முன்னிறுத்தியது. அதனால் பல குழந்தைகள் பிழைத்தனர், மறுப்பதற்கில்லை. எனினும், அளந்து காட்ட எளிதானவற்றுக்கே பணம் போகும் பழக்கமும் அங்கேதான் வேரூன்றியது என்பது என் கருத்து.

மறுமொழி 2: பாதுகாப்பு நோக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2005இல் திருத்தப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி, பன்னாட்டு அவசரநிலையாக மாறக்கூடிய நிகழ்வை ஒரு நாடு மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆய்வகங்களுக்கும், விமான நிலையம், துறைமுகம் போன்ற நுழைவாயில்களின் கண்காணிப்புக்கும் இதனால் வலுவான வாதம் கிடைக்கிறது. நீரிழிவுக்கோ உயர் ரத்த அழுத்தத்துக்கோ அப்படியொரு கெடு இல்லை.

மறுமொழி 3: பணம் யாருடையது என்பதையும் பாருங்கள். வெளிநாட்டு நிதியை நம்பியிருக்கும் நாட்டில் கொடையாளரின் வரையறையே செல்லுபடியாகும். 2002இல் பொது வரிப்பணத்தைக் கொண்டு அனைவருக்குமான மருத்துவக் காப்புத் திட்டத்தை விரிவாக்கிய தாய்லாந்து, தன் முன்னுரிமைகளைப் பெருமளவு தானே வகுத்துக்கொண்டது.