மாடிக் குழாயில் மட்டும் தண்ணீர் நூலாக வருவது ஏன்?

கேள்வி (சத்துவாச்சாரிவாசி):
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் கீழ்த்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு எங்களுடையது. தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரத்தில் அதைத் தரைத்தொட்டியில் பிடித்துக்கொண்டு, மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். சென்ற மாதம் மாடிக் குளியலறையில் இருந்த பழைய பித்தளைத் திருகு குழாயைக் கழற்றிவிட்டு, ஷவருடன் கூடிய புதிய மிக்சர் குழாயை (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தருவது) பொருத்தினோம். அன்று முதல் அதில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. கீழ்த்தளத்தில் குறை ஒன்றுமில்லை. குழாய்தான் பழுதா? தெருக்குழாயிலேயே மோட்டாரைப் பூட்டி மாடிக்கு இழுத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். அது சரியா?

மறுமொழி (ஓய்வுபெற்ற பொறியாளர்):
ஐயா, குழாயைச் சந்தேகிப்பதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். தண்ணீரின் வேகம் உயரத்திலிருந்து வருகிறது. 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. தங்கள் தொட்டி தளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்குமானால், மாடி அறையில் 7 அடி உயரத்தில் உள்ள ஷவருக்கும் தொட்டியின் அடிப்பகுதிக்கும் இடையே 3 அடிதான் இருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போதுகூட அங்கே கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.2 கிலோதான். கீழ்த்தளக் குழாய்க்கு இன்னும் ஒரு மாடி உயரம் சேர்வதால் அங்கே குறை தெரிவதில்லை. மிக்சர் குழாய்களில் பலவற்றுக்கு 0.5 கிலோ முதல் 1 கிலோ வரை அழுத்தம் வேண்டும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை.

தெருக்குழாய்க்கும் இதே கணக்குதான். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் காவிரி நீரானாலும், பாலாற்று மணலுக்கடியிலிருந்து இறைக்கும் நீரானாலும் (நீரில்லா ஆறு உள்ள ஊர் என்று நம்மூரைக் கேலி செய்வோர் மணலுக்குள் ஓடுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை), மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, அந்த உயரத்தின் பலத்தால்தான் தெருக்களுக்கு விடுகிறார்கள். தெருக்குழாயில் ஒரு தள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தள வீட்டுக்கு 12 மீட்டர் உயரத்துக்கான அழுத்தமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்றது 1999-ஆம் ஆண்டின் பொறியியல் வழிகாட்டு விதி. ஆனால் விட்டு விட்டு வரும் நீரை எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் திறந்து பிடிக்கும்போது, அது ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

தெருக்குழாயில் மோட்டாரைப் பூட்டுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அது ஆபத்தும்கூட. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, இணைப்புகளில் உள்ள சிறு கசிவுகளின் வழியாக வெளியிலிருக்கும் சாக்கடை நீர் உள்ளே புகும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த அளவு குளோரினால் சாக்கடையைச் சமாளிக்க முடியாது.

மறுமொழி (காட்பாடி பிளம்பர்):
மேலே சொன்னது சரி. குழாயின் உள்ளமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய திருகு குழாயில், தண்டின் நுனியிலுள்ள ரப்பர் வாஷர் பித்தளை வாயை அடைத்து நிற்கும். திருகினால் அது மேலே எழும்பி, தண்ணீர் தாராளமாகப் போக வழிவிடும். மிக்சரிலோ இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து, அவற்றின் துளைகள் நேர்கோட்டில் வரும்போது மட்டும் தண்ணீரை விடுகின்றன. ஒழுகாமல் இருப்பதில் அதற்கு நிகரில்லை என்றாலும், பாதை குறுகல். போதாக்குறைக்கு, வாயில் ஒரு சல்லடை வேறு இருக்கிறது. போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் கலக்கும் வீடுகளில் சில மாதங்களிலேயே அதில் சுண்ணாம்புப் படிவம் கட்டிவிடும். புதுக்குழாயில் பெரும்பாலும் மணலும், ஒழுகாமலிருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் நாடாவின் துணுக்குகளும் சிக்கியிருக்கும். முதலில் அதைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு, தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அரை அங்குலமாக இருந்தால் அதை ஓர் அங்குலமாக மாற்றுங்கள், எல்போக்களையும் (குழாய் வளைவுகள்) குறையுங்கள்.

சத்துவாச்சாரிவாசி:
இருவருக்கும் நன்றி. சல்லடையில் ஒரு சிட்டிகை மணலும் நாடாத் துணுக்கும் இருந்தன. கழுவியபின் குழாய் தேறிவிட்டது, ஷவர் தேறவில்லை. அளந்து பார்த்தபோது இடைவெளி 3 அடிக்கும் குறைவு. மோட்டார் யோசனையைக் கைவிட்டு, தொட்டிக்கு 5 அடி மேடை கட்டக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதால், மேடை தளத்தின் நடுவே வராமல் கீழ்ச்சுவர்களின் மேல் நிற்கும்படி கட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.