சிறுபோகக் கூட்டத்துக்கு வந்த கோபோல்டுகள்: உங்கள் மேசையில் நடந்ததையும் எழுதுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்பது ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டுகிற மேசை விளையாட்டு. அதை விளையாடுகிற எல்லோருக்கும் கோபோல்ட் என்ற குட்டி அரக்கனைத் தெரியும். ஐந்தாம் பதிப்பின் 2014 நூலில் அதன் உயிர்ப் புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) வெறும் 5. புதிதாக வருகிறவர்கள் வாள் வீசிப் பழகுவதற்கென்றே பிறந்த ஜென்மம். புள்ளியைக் கூட்டாமல் அதற்கு ஒரு தேவையை மட்டும் கொடுத்துப் பார்த்தேன்.

எங்கள் கதை நடக்கிற ஊரில் ஒரு பெரிய குளம். பெயரை மாற்றித்தான் வைத்தேன், ஆனால் அது இரணைமடு என்று எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. மாரி பொய்த்த வருடம். சிறுபோகம் (கோடை நெல்) எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று ஊரில் இழுபறி. இதற்குள் இரவில் யாரோ இடதுகரைத் துருசை (மதகை) மூடிவிடுகிறார்கள். "ஆரெண்டு பார்த்து அடிச்சுத் துரத்துங்கோ" என்று, தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானையார் நம் வீரர்களைக் கூப்பிடுகிறார்.

கோபோல்டுக்கு வெயிலில் கண் கூசும், பக்கத்தில் கூட்டாளி நின்றால் தாக்குதலுக்கு இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். இரண்டு விதியையும் அப்படியே விட்டேன். வெயில் ஆகாதது துருசின் இருட்டுக் குழாய்க்குள் குடியிருக்காமல் வேறெங்கே இருக்கும்? முட்டைகளும் அங்கேதான். கதவைத் திறந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் பொரிக்கும்வரை மூடுகின்றன.

குளக்கட்டில் காவலிருந்த வீரர்கள் இதைக் கண்டுபிடித்ததும் சண்டை வரும் என்று நினைத்தேன். அவர்கள் கோபோல்டுக் கிழவனைக் கூட்டத்துக்கே கூட்டிவந்துவிட்டார்கள்! பொழுது பட்ட பிறகு கூட்டம் வைக்க வேண்டும் என்பது அவனுடைய முதல் நிபந்தனை. பத்து நாள் பொறுக்கச் சொல்கிறான். பொறுத்தால் கதிர் வரும் நேரம் குளம் வற்றிவிடும் என்கிறார்கள் கமக்காரர்கள். "கோபோல்டுக்குக் காணி உறுதி இருக்கோ?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர். (கதை நடத்துகிற நான்தான் அவராகப் பேசினேன். அப்படி ஒருவர் இல்லாத கூட்டம் எங்கே இருக்கிறது?) கடைசியில் முதல் தண்ணீரை வலதுகரையால் விடலாம் என்று எங்கள் திருடன் சொல்ல, இடதுகரைக்காரர் எழும்ப, கூட்டம் இரண்டாகியது. அந்த இரவு ஒரு தாக்குதல் உருட்டல்கூட இல்லை. கோடரியோடு வந்த தம்பி பாதி நேரம் போன் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு கதை.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணா, கோடரித் தம்பியை எங்களிடம் அனுப்புங்கள். இங்கே ஆயுதத்துக்கு வேறு மாதிரி வேலை இருந்தது.

நான் எடுத்தது இரும்பை அரித்துத் தின்கிற ரஸ்ட் மான்ஸ்டரை. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் வாங்கிய மலிவுப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றிலிருந்து பிறந்த மிருகம் அது. எங்கள் மேசையில் அதற்குப் பெயர் கறள் (துரு) பூச்சி. அது கவசத்தை அரிப்பதை வைத்துத்தான் எல்லோரும் விளையாடுகிறோம். 30 அடிக்குள் இருக்கிற இரும்பை மோப்பத்தாலேயே இடம் பிசகாமல் கண்டுபிடிக்கும் என்ற வரியை யாரும் தொடுவதில்லை.

போர் முடிந்து மீளக் குடியேறிய ஊர். வயல் நிறைய மண்ணுக்குள் இரும்புப் பொறிகள். ஓர் ஆச்சி கறள் பூச்சியைக் கயிற்றில் கட்டி முன்னால் நடக்கவிட்டு வரம்பு வரம்பாகத் துப்புரவு செய்கிறார். பூச்சி இரும்பைத் தின்றால் தனக்கு எதுவும் மிஞ்சாது என்று, அதைக் கொல்லக் காசு கொடுக்கிறார் பழைய இரும்பு வியாபாரி. மிதிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சங்கிலிக் கவசத்தைக் கழற்றித் தூரத்தில் வைத்தார்கள். இரும்பு வாளால் அதை வெட்ட வெட்ட வாளுக்கு ஒவ்வொரு புள்ளியாகக் குறைந்து, ஐந்தோடு வாளே போய்விடும். அதனால் பாலைமரத் தடியோடு ஆச்சிக்குப் பின்னால் நடந்தார்கள், வியாபாரியின் ஆட்கள் வந்தால் தடுக்க.

வயல் முடிந்தது. பூச்சி நேரே ஆச்சியின் கிணற்றடிக்குப் போய் நின்றுவிட்டது. அங்கே என்ன இருக்கிறது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. யோசனை சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து:

எங்களுடையது சின்னது. ஸ்டர்ஜ், பறந்து வந்து ஒட்டி இரத்தம் குடிக்கிற சின்ன மிருகம், அதே 2014 நூலில் உயிர்ப் புள்ளி 2. பத்துப் புள்ளி இரத்தம் குடித்ததும் தானே கழன்று பறந்துவிடும். மாட்டுப் பட்டியில் விட்டேன். வேப்பிலைப் புகை போட்டால் மாட்டை விட்டு ஆட்கள் மேல் வரும், போடாவிட்டால் கன்றுகள் சாகும். போட்டார்கள். முதல் நிலை மந்திரவாதிக்கு மொத்தமே எட்டுப் புள்ளி, பாவம், ஒரு பசுவின் கீழே படுத்துக்கிடந்தார்.

முல்லைத்தீவு அக்காவின் கிணற்றடிக்கு ஒரு யோசனை: இடம்பெயரும்போது ஆச்சியே புதைத்துவிட்டுப் போன இரும்புப் பெட்டி. உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு. பூச்சி பெட்டியைத் தின்னும், விளக்கைத் தொடாது, விதிப்படி அதற்கு இரும்பு மட்டும்தான். ஆனால் தோண்டும் வரைக்கும் அது பெட்டியா பொறியா என்று ஆச்சியைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. அவரும் உடனே சொல்லமாட்டார்.