விபத்துக்குப் பின் சமாதானக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: விசுவமடுவிலிருந்து ஓர் அண்ணன்

வணக்கம். என் தம்பி மேசன் வேலை செய்பவன். சென்ற மாதம் மாலை மங்கும் நேரத்தில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, எதிரே வந்த சிறிய லொறி ஒன்று வீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாடுகளுக்கு விலத்தி, அவனுடைய பக்கத்துக்கு வந்து மோதிவிட்டது. அங்கு நின்றவர்கள் 1990 அம்புலன்ஸை அழைத்து அவனைக் கிளிநொச்சிக்கு அனுப்பி வைத்தார்கள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்ததால், அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பொலிஸார் வாட்டுக்கு வந்து வாக்குமூலம் எடுத்தார்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டது. தம்பிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, வலியோடு கையெழுத்து வைத்துவிட்டான்.

இப்போது லொறி உரிமையாளரின் சார்பில், இரண்டு பகுதிக்கும் வேண்டிய பெரியவர்கள் இருவர் ஒரு தொகைப் பணத்துடனும் தட்டச்சு செய்த ஒரு கடிதத்துடனும் வீட்டுக்கு வந்து போகிறார்கள். "இந்த விபத்துத் தொடர்பாக இனி எக்காலத்திலும் எவ்வித கோரிக்கையும் முன்வைக்க மாட்டோம்" என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது. தம்பியின் வாகன வருமான அனுமதிப்பத்திரம் விபத்துக்குச் சில நாட்களுக்கு முன் காலாவதியாகியிருந்தது. ஆகவே வழக்குக்குப் போனால் நாங்களே மாட்டிக்கொள்வோம் என்றும், குற்றம் மாட்டுக்காரனுடையதே தவிர சாரதியுடையது அல்ல என்றும் அவர்கள் சொல்கிறார்கள். வந்தவர்களில் ஒருவர் அம்மாவுக்கு உறவுமுறை என்பதால், பகைத்துக்கொள்ளாமல் கையெழுத்து வைத்துவிடுவோம் என்பது அம்மாவின் எண்ணம். அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: தாதிய உத்தியோகத்தர், கிளிநொச்சி

தம்பியின் கால் எப்படி ஆறப்போகிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. கெண்டைப் பகுதியில் உள்ள பெரிய எலும்பு முறிந்தால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அது பொருந்தி உறுதிப்படப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் செல்லும். சிலருக்கு எலும்பு பொருந்தத் தாமதமாகி இரண்டாவது அறுவைச் சிகிச்சை தேவைப்படும், சிலருக்குக் காயத்தில் கிருமி தொற்றும், சிலருக்கு முழங்காலோ கணுக்காலோ முன்போல மடங்காது. சாரத்தில் ஏறி நின்று வேலை செய்யும் ஒருவருக்கு இவை ஒவ்வொன்றும் வருமானத்தோடு தொடர்புடையவை. அப்படியிருக்க, முதல் மாதத்திலேயே "இனிக் கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுப்பது எந்தக் கணக்கை வைத்து என்று எனக்கு விளங்கவில்லை.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் செலவு இல்லையென்று நினைத்துவிட வேண்டாம். கிளினிக்குக்குப் போய்வரும் முச்சக்கர வண்டிக் கூலி, வெளியில் வாங்கும் மருந்து, ஊன்றுகோல், பராமரிப்பவர் இழக்கும் நாட்கூலி ஆகிய எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு அல்லது குறிப்பு வைத்திருங்கள். வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது தந்த நோய் நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் யாரிடமும் கொடுத்துவிடாமல் பிரதி எடுத்து வையுங்கள்.

கெண்டை வீங்கி இறுகினாலோ, காற்பெருவிரல் மரத்துப்போனாலோ, திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு நொந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே கொண்டுவாருங்கள். தலையில் அடிபட்டிருந்தால், வாரங்கள் கழிந்த பின்னரும் கூடிக்கொண்டு போகும் தலையிடி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான நித்திரைக் குணம் ஆகியவற்றை அலட்சியம் செய்யக்கூடாது. இன்னொன்றையும் மனம் கோணாமல் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பகுதியில் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் கட்டுவது பரம்பரைப் பழக்கம். ஆனால் உள்ளே கம்பி வைத்துத் தைத்த காலில், சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்காமல் எண்ணெய் பூசி உருவக்கூடாது. அதனால் புண் சீழ் வைத்துத் திரும்பி வருபவர்களை வாட்டில் காண்கிறோம்.

பதில் 2: ஓய்வுபெற்ற நீதிமன்ற உத்தியோகத்தர், வவுனியா

நான் சட்டத்தரணி அல்லன். ஆனால் இத்தகைய கோவைகளுக்கு நடுவில்தான் என் சேவைக்காலம் கழிந்தது.

முதலாவதாக, பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கும் உங்கள் நட்டஈட்டுக் கோரிக்கையும் ஒன்றல்ல. முன்னையது சாரதியின் கவனயீனத்துக்கான தண்டனை பற்றியது. அதில் விதிக்கப்படும் தண்டப்பணம் அரசுக்குப் போகும். உங்கள் தம்பியின் இழப்புக்கான கோரிக்கையை மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகத்தான் தொடுக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. எனவே இன்றே முடிவெடுக்க வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இல்லை. அந்த அவசரம் கடிதத்தோடு வந்தவர்களுக்குத்தான் இருக்கிறது.

வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியானது ஒரு தனிக் குற்றம். அதற்குரிய தண்டப்பணத்தைக் கட்ட நேரிடலாம். ஆனால் அந்தப் பத்திரம் இல்லாததனால் லொறி அவருடைய பக்கத்துக்கு வரவில்லையே. சாரதி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் நடைமுறையில் இருந்தனவா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாட்டுக் கதைக்கு வருவோம். மாலை மங்கிய பின் வன்னி வீதிகளில் மாடு கிடக்கும் என்பது இங்கு வாகனம் ஓட்டும் எவருக்கும் தெரிந்த விடயம். தெரிந்தும், நிறுத்த முடியாத வேகத்தில் வந்து எதிர்ப்பக்கத்துக்கு விலத்துபவர் தம் பொறுப்பை முழுவதுமாக மாட்டின்மேல் சுமத்த முடியாது. மாட்டின் உரிமையாளருக்கும் பங்கு இருக்கலாம். தம்பியிடத்திலேயே சிறு கவனக்குறைவு இருந்தது என்றுகூட அவர்கள் வாதாடலாம். இதற்காகவே 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் ஒரு பங்கு பிழை இருந்தால் நட்டஈடு அந்த அளவுக்குக் குறையுமே தவிர, கோரிக்கை அற்றுப் போகாது. பிழை செய்தவர்கள் பலராக இருந்தால் பொறுப்பை அவர்களிடையே பங்கிடவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வீதியில் ஓடும் எந்த வாகனத்துக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். அந்த லொறியின் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் பத்திர இலக்கத்தையும் பொலிஸ் நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடற்காயத்துக்கான நட்டஈட்டைத் தீர்ப்புக்குப் பின் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் அந்த நிறுவனமே. உரிமையாளரின் வீட்டுப் பணம் அல்ல. வழக்குத் தொடுக்கும்போது நிறுவனத்துக்கும் உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும்; அதைச் சட்டத்தரணி கவனிப்பார். உரிமையாளரும் தம்முடைய காப்புறுதியாளரைக் கேட்காமல் இப்படித் தனியாகச் சமாதானம் பேசுவது அவருடைய பத்திரத்தின் நிபந்தனைகளுக்கு மாறாக இருக்கக்கூடும் என்பதை அந்தப் பெரியவர்கள் அறிந்திருப்பார்களோ தெரியாது.

வாக்குமூலம் பற்றி: அரசியலமைப்பின்படி வடக்கு மாகாணத்தில் நிர்வாக மொழியும் பதிவேடுகளின் மொழியும் தமிழ். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, தம்பியின் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறும், விடுபட்டவை இருந்தால் மேலதிக வாக்குமூலம் பதியுமாறும் கேளுங்கள். முறைப்பாட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை உரிய கட்டணம் செலுத்திப் பெறலாம். எலும்பு முறிவு சட்டத்தில் பாரதூரமான காயமாகக் கொள்ளப்படுவதால், சட்ட மருத்துவ அறிக்கை கோவையில் சேர்ந்துவிட்டதா என்பதையும் விசாரியுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் கட்ட வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கு உதவி செய்வார்கள்.

பதில் 3: மாங்குளத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துபவர்

வாகனத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து அறிக்கை எழுதும் வரை அது பொலிஸ் நிலையத்தில் நிற்கட்டும். விடுவித்த பிறகும், எல்லாப் பக்கத்தாலும் படம் எடுத்து, திருத்தச் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கிய பின்னரே கை வையுங்கள். முன் ஃபோர்க் வளைந்திருந்தால் நிமிர்த்தி ஓடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைச் செய்து கொடுப்பதில்லை. சேசிஸ் நேராக இருக்கிறதா என்று பார்ப்பிக்கவும் வேண்டும். தம்பியின் ஹெல்மெட்டை இனி யாரும் போடக்கூடாது. வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், உள்ளே அடியைத் தாங்கிய ரெஜிபோம் ஒருமுறை நசுங்கினால் மீளாது. ஆனால் எறிந்துவிடவும் வேண்டாம்; அவர் ஹெல்மெட் அணிந்திருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

பதில் 4: ஒட்டுசுட்டானிலிருந்து

வவுனியா ஐயா சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். எனினும் மாவட்ட நீதிமன்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்பதையும், கூலிவேலை செய்யும் குடும்பம் தவணைக்குத் தவணை போய்வர முடியுமா என்பதையும் யாராவது சொல்ல வேண்டாமா? இன்று வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். உறவினர் முன்நின்று தரும் பணத்தைத் தட்டிவிட்டால், நாளை நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்? ஒரு தொகையைக் கூட்டிக் கேட்டு முடித்துக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பதில் 5: ஓய்வுபெற்ற நீதிமன்ற உத்தியோகத்தர், வவுனியா

ஒட்டுசுட்டான் நண்பரின் கவலை நியாயமானது. வழக்கு இழுபடும் என்பதை நான் மறுக்க மாட்டேன். சமாதானம் கூடாது என்று நான் சொல்லவில்லை, காலின் நிலை தெரியுமுன் சமாதானம் கூடாது என்றுதான் சொல்கிறேன். பணம் இன்று தேவையென்றால், அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு வேறொரு கடிதம் எழுதுங்கள். "சிகிச்சைக்கும் குடும்பச் செலவுக்குமான இடைக்கால உதவியாக இத்தொகையைப் பெற்றுக்கொண்டோம், இதனால் நட்டஈடு கோரும் உரிமை பாதிக்கப்படாது, இறுதித் தொகை தீர்மானிக்கப்படும்போது இது கழிக்கப்படும்" என்ற பொருளில், திகதியும் தொகையும் இட்டு, இரு பகுதியாரும் சாட்சிகளும் ஒப்பமிடட்டும். நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் இதற்கு மறுக்கக் காரணமில்லை. மறுத்தால் அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது அம்மாவுக்கும் விளங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இடைக்காலக் கடிதம் என்ற யோசனை அம்மாவுக்கும் பிடித்திருக்கிறது. தம்பிக்குச் சம்பளச் சீட்டு எதுவும் இல்லை, நாட்கூலிதான். வருமானத்தை எப்படி நிரூபிப்பது?

பதில் 6: ஓய்வுபெற்ற நீதிமன்ற உத்தியோகத்தர், வவுனியா

அவரை வேலைக்கு வைத்திருந்த மேசன் பாஸிடமும், அண்மையில் வேலை செய்த வீடுகளின் உரிமையாளர்களிடமும் நாட்கூலியையும் வேலை செய்த காலத்தையும் குறிப்பிட்டுக் கடிதம் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரிடம் தொழிலை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெறுங்கள். வங்கிப் புத்தகத்தில் கூலி வைப்பிலிட்ட பதிவுகள் இருந்தால் அவற்றின் பிரதியையும் சேருங்கள். கடிதம் தருபவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் ஆயத்தமானவர்களாக இருப்பது முக்கியம். ஆகவே முகத்தாட்சணியத்துக்காகக் கூட்டி எழுதும் தொகையை விட, அவர்கள் உண்மையில் கொடுத்த தொகையே கடிதத்தில் இருக்கட்டும்.