மறு: பிணையூசல் சரி, அதில் நடப்பதற்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே கயிற்றில் பக்கம்பக்கமாகத் தொங்கும் இரண்டு ஊசல்களுக்கு (coupled pendulums) தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில் ஐயா சொன்ன ‘பிணையூசல்’ எனக்கும் சம்மதம். படகோடு படகைப் பிணைத்துக் கட்டுகிற கரையில் அந்தச் சொல் யாருக்கும் புதிதில்லை. என் சிக்கல் வேறு: ஆட்டம் ஒரு ஊசலிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்புகிறதே, அதற்கு என்ன பெயர்?

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் தங்கூசியை (நைலான் தூண்டில் இழையை) கொஞ்சம் தொய்வாகக் கட்டினேன். அதிலிருந்து 25 சென்டிமீட்டரில் இரண்டு இழை, நுனியில் வலைக்குக் கோக்கும் ஈயக் குண்டு. கச்சான் காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் குண்டு தானாகவே ஆடித் தொலைக்கும். அப்புறம் ஒன்றை மட்டும் கயிற்றுக்குக் குறுக்காக இழுத்து விட்டேன். போய்வர ஒரு நொடி. ஆட ஆட அது சோர்கிறது, சும்மா இருந்த மற்றது மெல்ல எழுகிறது. கடைசியில் முதல் குண்டு அப்படியே நிற்க, இரண்டாவது முழு வீச்சில் ஆடுகிறது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் பழையபடி முதல் குண்டுக்கே வந்துவிடுகிறது. வலை பொத்திக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்து பார்த்து, “என்ன, ஒண்ணுக்கொண்ணு கைமாத்து குடுக்குதா?” என்றார்.

எனக்கு அந்தச் சொல் போதும்: கைமாற்று. வட்டியில்லாமல் கொடுப்பது, திரும்பி வருவது. (ஒவ்வொரு தடவையும் காற்று கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்கிறது, அது வேறு கணக்கு.)

பாடநூலில் இருக்கும் ‘விம்மல்’ (beats) போதாதா என்று கேட்கலாம். ஒரு குண்டை மட்டும் பார்த்தால் விம்மல்தான், வீச்சு ஏறி இறங்குகிறது. இது எழும்போது அது தணிகிறது என்பதை விம்மல் சொல்லாது.

கருவிக்கே ‘கைமாற்று ஊசல்’ என்று பெயர் வைக்க வேண்டாம். இரண்டு குண்டையும் ஒரே பக்கம் ஒரே அளவு இழுத்து விட்டால் கொடுக்கல் வாங்கலே கிடையாது. ஒரு இழையை 20 சென்டிமீட்டராகக் குறைத்தபோது மற்றது லேசாகச் சிலிர்த்ததோடு சரி. ஆகவே கருவி பிணையூசல், நிகழ்வு கைமாற்று.

பேச்சுவழக்கு, கடன் வாங்கும் சொல் என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. 1665இல் ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாக எதிரெதிராக ஆடக் கண்ட டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், அதை ஒருவகைப் பரிவு (sympathy) என்றே எழுதினார். அவரும் மனிதர் புழங்கும் சொல்லைத்தான் எடுத்தார்.

‘கயிற்றை இறுக்கிக் கட்டினால் கைமாற்றுக் காலம் நீளும்.’ இதை வேறு சொல் வைத்து இதே அளவில் எழுத முடிந்தால் அனுப்புங்கள், என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.